ஓர் அதிகாரிக்காகப் பதவியை உதறியவர்

2010 ஜூன் 23 அன்று கர்நாடகத்தில் அரசுத் துறை ஊழலை விசாரிக்கும் லோகாயுக்தாவாக இருந்த சந்தோஷ் ஹெக்டே பதவி விலகுவதாக அறிவித்தார். அவர்மீது புகார் எதுவும் இல்லை. உடல்நலக் குறைவும் இல்லை. பதவிக்காலம் முடிய ஓராண்டுக்கு மேல் இருந்தது. கார்வாரில் துணை வனப் பாதுகாவலராக இருந்த ஆர். கோகுல் என்ற அதிகாரியை அரசு பணியிடை நீக்கம் செய்ய முனைந்ததுதான் காரணம்.

கோகுல் தன் கடமையைச் செய்திருந்தார். அந்த ஆண்டு மார்ச் மாதம், உத்தர கன்னட மாவட்டத்தில் அங்கோலாவுக்கு அருகில் உள்ள பெலிகேரி துறைமுகத்தில், உரிய அனுமதிச்சீட்டு இல்லாமல் குவிந்து கிடந்த சுமார் 8 லட்சம் டன் இரும்புத் தாதுவைப் பறிமுதல் செய்தார். பறிமுதலான தாது துறைமுகத்திலேயே அரசின் காவலில் இருந்தது. சில வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால், அதில் சுமார் 5 லட்சம் டன்னைக் காணவில்லை. கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஒரு லாரிக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டாலும் 25,000 லாரிச் சுமை அது. இரவோடு இரவாக யாரும் மூட்டை கட்டித் தூக்கிப் போய்விட முடியாது. துறைமுக அதிகாரிகளும் சுங்கத் துறையினரும் காவலர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவ்வளவு தாதுவும் கடலைத் தாண்டியிருக்கிறது. காணாமல் போன தாதுவுக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டிய அரசு, அதைப் பிடித்துக் கொடுத்த அதிகாரியின் மீது பாய்ந்தது.

தன்னோடு ஒத்துழைத்த நேர்மையான அதிகாரி ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியாத நாற்காலியில் எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் ஹெக்டேயின் நிலைப்பாடு. நம் நாட்டில் ராஜினாமாக்களுக்குப் பஞ்சமில்லை. அமைச்சர் பதவி கிடைக்காதவரும் விலகுகிறார், குற்றச்சாட்டில் சிக்கியவரும் விலகுகிறார். தனக்குக் கீழே, வேறொரு துறையில், தொலைதூர மாவட்டம் ஒன்றில் வேலை பார்க்கும் அதிகாரிக்காக ஒரு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியை உதறியதாக வேறொரு நிகழ்வைச் சொல்வது கடினம். அரசுகளைக் கண்காணிக்கும் அமைப்புகள் எங்கே பலவீனமாக இருக்கின்றன என்பதை அந்த ஒரு ராஜினாமா துல்லியமாகக் காட்டியது.

நீதித்துறைப் பதவியைத் தூக்கி எறிவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. சந்தோஷ் ஹெக்டேயின் தந்தை கே.எஸ். ஹெக்டே உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். தென் கன்னட மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்த 1950களில், சென்னையின் சார்பில் மாநிலங்களவைக்கும் சென்றவர். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னார்கள். அந்த எழுவரில் ஹெக்டேயும் ஒருவர். மறுநாளே இந்திரா காந்தி அரசு, பணிமூப்பில் முன்னால் இருந்த ஷெலட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி ஏ.என். ராயைத் தலைமை நீதிபதி ஆக்கியது. மூவரும் பதவி விலகினார்கள். நெருக்கடி நிலை முடிந்து நடந்த 1977 தேர்தலில் கே.எஸ். ஹெக்டே ஜனதா கட்சி சார்பில் பெங்களூரு தெற்கில் வென்று, மக்களவைத் தலைவராகவும் ஆனார்.

1940 ஜூன் 16 அன்று பிறந்த மகன், தந்தையின் வழியிலேயே வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தார். 1966இல் பதிவு செய்துகொண்டார். 1984 முதல் 1988 வரை கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரல். பிறகு டெல்லியில் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல், 1998இல் சொலிசிட்டர் ஜெனரல். 1999 ஜனவரியில், உயர் நீதிமன்ற நீதிபதியாக ஒருநாள்கூட இருக்காமல், வழக்கறிஞர் நிலையிலிருந்து நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அப்படி நேரடியாகப் போனவர்கள் மிகச் சிலரே. ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சராக இருந்தபோதுதான் கர்நாடக லோகாயுக்தா சட்டம், 1984 வந்தது. அந்த அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவரே இருபதாண்டுகளுக்குப் பிறகு அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு அரசை எதிர்த்து நின்றார்.

உச்ச நீதிமன்றத்தில் அவர் எழுதிய எல்லாவற்றையும் இன்று கொண்டாட முடியாது. 2004இல் ஈ.வி. சின்னையா வழக்கில், பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு கூடாது என்று தீர்ப்பளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். ஆந்திரத்தின் மாதிகா மக்களுக்கு அது பேரிடி. தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தபோதும், பஞ்சாபில் அதேபோன்ற சட்டம் வழக்கில் சிக்கியபோதும், அந்தத் தீர்ப்பின் நிழல் கூடவே வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றி எழுதிய பிறகே அருந்ததியர் ஒதுக்கீட்டின் மீது தொங்கிய கத்தி அகன்றது. இருபது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறையின் படிப்பும் வேலையும். நீதிபதி ஹெக்டேயைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

2005இல் ஓய்வு பெற்று, 2006 ஆகஸ்ட் 3 அன்று லோகாயுக்தாவாகப் பொறுப்பேற்றார். பெங்களூருவில் விதான சௌதாவுக்கு அருகே, அம்பேத்கர் வீதியில் உள்ள எம்.எஸ். பில்டிங் என்ற பெரிய அரசுக் கட்டடத்தில் அந்த அலுவலகம் இருக்கிறது. எந்தக் குடிமகனும் அங்கே போய், முதல் படிவத்தில் புகாரையும் இரண்டாம் படிவத்தில் பிரமாணத்தையும் எழுதிக் கொடுக்கலாம். பட்டா மாற்றத்துக்கு அலைகிறவர், ஓய்வூதியத்துக்காக நடையாய் நடக்கிறவர், அரசு மருத்துவமனையில் காசு பிடுங்கப்பட்டவர் எல்லோரும் அங்கே வந்தார்கள். ஹெக்டேக்கு முன்னால் பதவியில் இருந்த என். வெங்கடாசலா, தொலைக்காட்சிக் கேமராக்கள் பின்தொடர மருத்துவமனைகளிலும் அரசு அலுவலகங்களிலும் திடீரென்று நுழைந்து, லோகாயுக்தா என்ற பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். ஹெக்டேயின் காலத்தில் பிடி மேல்மட்டத்துக்கு ஏறியது. 2009 ஜனவரியில், தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலின் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வை, 5 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கிய புகாரில், பெங்களூருவில் உள்ள எம்.எல்.ஏ.க்கள் விடுதியிலேயே லோகாயுக்தா போலீசார் கைது செய்தார்கள்.

லோகாயுக்தா ஆகும்வரை ஊழலின் ஆழம் தெரியாத கிணற்றுத் தவளையாகவே இருந்ததாக அவர் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்த ஆழத்தைக் காட்டியது பெல்லாரி.

பெல்லாரி, ஹொஸ்பேட்டை, சண்டூர் வட்டாரத்து மண்ணே இரும்பு. 2000க்குப் பிறகு சீனா உருக்கு ஆலைகளைக் கட்டத் தொடங்கியதும், பெய்ஜிங் ஒலிம்பிக் கட்டுமானங்கள் கூடியதும், தாதுவின் விலை உலகச் சந்தையில் டன்னுக்குச் சில ஆயிரம் ரூபாயாக எகிறியது. அரசுக்குக் கிடைத்த ராயல்டியோ, 2009 ஆகஸ்ட்வரை, மிக உயர்ந்த தரத் தாதுக்கே டன்னுக்கு 27 ரூபாய். இந்த இடைவெளிதான் எல்லாவற்றுக்கும் வேர். ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளுக்கு இருபத்தேழு ரூபாய் கட்டினால் போதும் என்ற நிலையில், அதையும் கட்டாமல் எடுத்துப் போக வழி கண்டுபிடித்தவர்கள் ஒரே பருவத்தில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். குத்தகை எல்லை தாண்டி வெட்டினார்கள். காப்புக் காட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையிலான எல்லை அடையாளங்களே அழிக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. சுரங்கப் பணத்தில் அரசியல் செல்வாக்கு பெற்ற ஜனார்த்தன ரெட்டியும் அவருடைய அண்ணன் கருணாகர ரெட்டியும் 2008இல் அமைந்த எடியூரப்பா அரசில் அமைச்சர்கள் ஆனார்கள்.

லோகாயுக்தாவுக்காக விசாரணைக் களத்தில் இறங்கியவர் யு.வி. சிங் என்ற வனத்துறை அதிகாரி. அவருடைய குழு கம்ப்யூட்டர்களைக் கைப்பற்றி, வங்கிக் கணக்குகளையும் லாரி அனுமதிச்சீட்டுகளையும் துறைமுக ஏற்றுமதிப் பதிவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டது. அப்படி வெளியே வந்ததுதான் ‘ஜீரோ ரிஸ்க்’ என்று கடத்தல்காரர்களே பெயர் வைத்த ஏற்பாடு. தாது அனுப்புகிறவர் ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். அதன் பிறகு சுரங்கத்திலிருந்து துறைமுகம்வரை அவருடைய லாரியை யாரும் நிறுத்த மாட்டார்கள். அனுமதிச்சீட்டு தேவையில்லை, எடை மேடையும் தேவையில்லை. வழியில் உள்ள சுரங்கத் துறை, வனத்துறை, காவல், போக்குவரத்து, வருவாய், துறைமுகம் என ஒவ்வொரு துறைக்கும் போய்ச் சேர வேண்டியது தனித்தனியாகப் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு மாவட்ட நிர்வாகமே தனியார் கூலிக்கு வேலை பார்த்த கதை அது. அதை எழுத்தில் நிரூபிக்க, எடைச்சீட்டையும் கப்பல் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொறுமையாகக் கூட்டிக் கழிக்கிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். மேடையில் முழங்கும் வீரத்தால் ஆகக்கூடிய வேலை இல்லை அது.

முதல் அறிக்கை 2008 டிசம்பரில் வந்தது. அதில் காங்கிரஸைச் சேர்ந்த முன்னாள் முதலமைச்சர் தரம் சிங்கிடமிருந்து சுமார் 23 கோடி ரூபாயை வசூலிக்க வேண்டும் என்று ஹெக்டே பரிந்துரைத்தார். அறிக்கை அலமாரியில் தூங்கியது. அடுத்துத்தான் பெலிகேரி விவகாரமும் கோகுலுக்கு வந்த நெருக்கடியும்.

ராஜினாமாவை அவர் திரும்பப் பெற்றது பற்றியும் பேச வேண்டும். 2010 ஜூலை 3 அன்று, தான் தந்தைபோல் மதிக்கும் எல்.கே. அத்வானி கேட்டுக்கொண்டார் என்பதற்காக அவர் பதவியில் தொடரச் சம்மதித்தார். அத்வானி அப்போது கர்நாடகத்தை ஆண்ட கட்சியின் மூத்த தலைவர். அரசைக் கண்காணிக்க வேண்டியவர் ஆளுங்கட்சித் தலைவரின் வேண்டுகோளுக்கு இணங்கலாமா என்று அன்றே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த வேண்டுகோள் ஆளுநரிடமிருந்தோ சட்டமன்றத்திலிருந்தோ வந்திருந்தால் அவருடைய நிலை இன்னும் உயர்ந்திருக்கும். ஆனால் திரும்பி வந்தவர் அடுத்த பதிமூன்று மாதங்களில் யாருக்கும் நன்றிக்கடன் செலுத்தவில்லை. அவரைச் சமாதானம் செய்து அழைத்து வந்த கட்சியின் முதலமைச்சரே கடைசியில் நாற்காலியை இழந்தார்.

இரண்டாவது அறிக்கை 2011 ஜூலை 27 அன்று தலைமைச் செயலரிடம் கொடுக்கப்பட்டது. இணைப்புகளோடு சேர்த்து 25,000 பக்கங்களுக்கு மேல். ஹெக்டேயின் பதவிக்காலம் முடிய ஆறே நாட்கள் இருந்தன. அதற்கு முந்தைய வாரமே அறிக்கையின் பகுதிகள் வெளியே கசிந்து நாடே பரபரத்தது. தன் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது என்று ஹெக்டே குற்றம் சாட்டினார். 2006 முதல் 2010 வரை 2.98 கோடி டன் தாது சட்டவிரோதமாக ஏற்றுமதியானது என்றும், அரசுக்கு இழப்பு 16,085 கோடி ரூபாய் என்றும் அறிக்கை கணக்குச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. பாஜகவின் எடியூரப்பா, மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் எச்.டி. குமாரசாமி, காங்கிரஸ் எம்.பி. அனில் லாட் என மூன்று கட்சியினரின் பெயர்களும் இருந்தன. பெயர் அடிபட்ட தலைவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். ஹெக்டே எந்தக் கட்சியின் ஆள் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலே பதில்.

ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் சுரங்கத் தொழிலை நிறுத்தியது. ஜூலை 31 அன்று எடியூரப்பா பதவி விலகினார். செப்டம்பர் 5 அன்று ஜனார்த்தன ரெட்டியை சிபிஐ கைது செய்தது. சமாஜ் பரிவர்த்தனா சமுதாயா என்ற அமைப்பின் சார்பில் எஸ்.ஆர். ஹிரேமத் நடத்திய பொதுநல வழக்கில், 2013 ஏப்ரலில் மிக மோசமான விதிமீறல் கண்ட ஏறத்தாழ ஐம்பது குத்தகைகள் ரத்தாயின. பெல்லாரியில் இருந்து ஆண்டுக்கு இவ்வளவுதான் வெட்டலாம் என்று உச்சவரம்பும் வந்தது. இந்தியாவில் எந்த மாநிலக் கண்காணிப்பு அமைப்பும் அதற்கு முன் இவ்வளவு தூரம் போனதில்லை.

ஆனால் நீதிமன்றப் படிகளில் கதை வேறு மாதிரிப் போனது. பரிந்துரை செய்வதற்கு முன் எடியூரப்பாவின் தரப்பைக் கேட்கவில்லை என்ற குறையைச் சுட்டி, அவர்மீதான முதல் தகவல் அறிக்கையை 2012 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சிபிஐ நடத்திய வழக்கில் 2016 அக்டோபரில் அவர் விடுவிக்கப்பட்டார். மீண்டும் முதலமைச்சரும் ஆனார். பெலிகேரி வழக்குகளில் கார்வார் எம்.எல்.ஏ. சதீஷ் சைலுக்கு 2024 அக்டோபரில் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது. பறிமுதல் நடந்த நாளிலிருந்து எண்ணினால் பதினான்கு ஆண்டுகள். அறிக்கை எழுதுவதோடு கண்காணிப்பாளரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. வழக்கை யார் எப்போது எப்படி நடத்துவது என்பது பெரும்பாலும் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது.

ஹெக்டே போன பிறகு அந்த அலுவலகத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அவருடைய கவலை எவ்வளவு சரியென்று புரியும். அவருக்குப் பின் வந்த நீதிபதி சிவராஜ் பாட்டீல், வீட்டுமனை ஒதுக்கீடு குறித்த சர்ச்சையில் இரண்டு மாதம்கூட முடியும் முன் விலகினார். அதன் பின் ஒன்றரை ஆண்டுக்கு நாற்காலி காலி. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையே யாரை நியமிப்பது என்ற இழுபறி. 2013இல் பாஸ்கர் ராவ் வந்தார். 2015இல், லோகாயுக்தா அலுவலகத்தின் பெயரைச் சொல்லி அதிகாரிகளை மிரட்டிப் பணம் பறித்ததாக அவருடைய மகனே கைதானார். அந்த ஆண்டு டிசம்பரில் பாஸ்கர் ராவ் விலகினார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று மக்கள் கொதித்தார்கள்.

அந்தக் கொதிப்பை சித்தராமையா அரசு பயன்படுத்திக்கொண்டது. 2016 மார்ச்சில் ஊழல் தடுப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்றை உருவாக்கி, ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியும் அதிகாரத்தை லோகாயுக்தா போலீசிடமிருந்து பிடுங்கி அதற்குக் கொடுத்தது. புதிய பிரிவு முதலமைச்சரின் கட்டுப்பாட்டில் இருந்தது. லோகாயுக்தா என்ற பெயர்ப்பலகையும் நீதிபதியும் அறையும் காரும் அப்படியே இருந்தன. வழக்குப் பதிய ஆள் இல்லை. ஹெக்டே அப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. மேடை கிடைத்த இடமெல்லாம் அதைக் கண்டித்தார். பின்னால் வந்த குமாரசாமி, எடியூரப்பா, பசவராஜ் பொம்மை அரசுகள் ஒன்றுகூடத் தாமாக அதைத் திருத்தவில்லை. தேர்தல் மேடையில் ஒருவரை ஒருவர் ஊழல்வாதி என்று ஏசிக்கொண்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப் போனார்கள். 2022 ஆகஸ்ட் 11 அன்று உயர் நீதிமன்றம்தான் அந்தப் பிரிவைக் கலைத்து, போலீஸ் அதிகாரத்தை லோகாயுக்தாவிடம் திருப்பிக் கொடுத்தது. இரண்டாண்டு கழித்து, 2024 செப்டம்பரில், மைசூரு மனை ஒதுக்கீட்டு விவகாரத்தில், நீதிமன்ற உத்தரவின்பேரில், அதே லோகாயுக்தா போலீஸ் அப்போது முதலமைச்சராக இருந்த சித்தராமையா மீதே வழக்குப் பதிந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 2025 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. முதலமைச்சரின் ஆட்சியின் கீழ் பணியாற்றும் போலீசார் அவரையே விசாரித்துத் தந்த நற்சான்றை, அது உண்மையாகவே இருந்தாலும், முழு மனதோடு நம்புவதற்கு மக்களுக்குத் தயக்கம் இருக்கத்தான் செய்யும்.

கர்நாடகத்தில் லோகாயுக்தாவின் போலீசார் மாநிலக் காவல் துறையிலிருந்து அயற்பணியில் வருகிறவர்கள். அவர்களுடைய இடமாற்றமும் பதவி உயர்வும் உள்துறையின் கையில் இருக்கின்றன. அமைச்சர் வீட்டைச் சோதனையிட்ட ஆய்வாளர் நாளைக்கு அந்த அமைச்சரின் அரசுக்குக் கீழே ஏதோ ஒரு மூலையில் பணிக்குப் போயாக வேண்டும். நீதிபதிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எளிதில் அவரை நீக்க முடியாது. அவருக்காக மழையில் நின்று லாரி எண்ணிக்கை எடுக்கும் ஊழியருக்கு அந்தப் பாதுகாப்பில் ஒரு துளிகூட இல்லை. ஆட்சியாளர்கள் இதைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் ஹெக்டேயின் மேல் கை வைக்காமல் கோகுலின் மேல் கை வைத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியக் கதை இல்லை. கர்நாடகம் 1984இல் செய்ததை நாம் 2018 ஜூலை 9 அன்றுதான் செய்தோம். அதுவும் உச்ச நீதிமன்றம் வைத்த கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது. 2019இல் முன்னாள் நீதிபதி பி. தேவதாஸ் தலைமையில் லோகாயுக்தா அமைந்தது. ஆனால் பொறிவைத்துப் பிடிப்பது, சோதனை போடுவது, வழக்குப் பதிவது எல்லாம் இங்கே லஞ்ச ஒழிப்புத் துறையின் வேலை. அந்தத் துறை மாநில அரசின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் சோதனைகள் எந்தக் கட்சிக்காரர்களின் வீட்டுக்குப் போகின்றன என்பதைத் தமிழக வாசகர்கள் நன்றாகவே கவனித்து வருகிறார்கள். 2016இல் கர்நாடகம் அவசர அவசரமாகச் செய்த ஏற்பாட்டை ஒத்ததுதான் இங்கே பல காலமாக இருக்கும் ஏற்பாடு.

லோகாயுக்தா பதவியிலிருந்து இறங்கிய பிறகும் ஹெக்டே ஓய்ந்துவிடவில்லை. 2011இல் அண்ணா ஹசாரே குழுவின் சார்பில் லோக்பால் மசோதா வரைவுக் குழுவில் இடம்பெற்றார். ஹிசார் இடைத்தேர்தலில் காங்கிரஸைத் தோற்கடிக்கச் சொல்லி அந்தக் குழு பிரசாரம் செய்தபோது, தன் மறுப்பை வெளிப்படையாகச் சொன்னார். இயக்கம் கட்சியாக மாறியபோது விலகி நின்றார். 2013 ஜனவரியில், மணிப்பூரில் பாதுகாப்புப் படைகளும் போலீசும் நடத்திய கொலைகள் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் அவரை ஒரு குழுவுக்குத் தலைவராக்கியது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோவும் கர்நாடகத்தின் முன்னாள் டிஜிபி அஜய் குமார் சிங்கும் உறுப்பினர்கள். 1,528 மரணங்களைப் பட்டியலிட்ட மனுவிலிருந்து ஆறு சம்பவங்களை நீதிமன்றம் அவர்களுக்குக் கொடுத்தது. அவர்கள் இம்பாலுக்குப் போய்ச் சாட்சிகளைக் கேட்டார்கள். ஆறும் உண்மையான மோதல்கள் அல்ல என்று அறிக்கை தந்தார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவன் 12 வயதுச் சிறுவன். கர்நாடகத்து அரசியல்வாதிகளை எதிர்ப்பதைவிட, சிறப்பு அதிகாரச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் ஆயுதப் படைகளைப் பற்றி அப்படி எழுதுவதற்குக் கூடுதல் நெஞ்சுரம் வேண்டும். அந்த அறிக்கை வெளியே அதிகம் பேசப்படாமல் போனது வருத்தத்துக்குரியது.

இப்போது எண்பதைக் கடந்துவிட்ட ஹெக்டே, பல ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரிகளுக்குப் போய் மாணவர்களிடம் பேசி வருகிறார். 1948இன் ஜீப் ஊழலில் 52 லட்சம், போஃபர்ஸில் 64 கோடி, 2ஜியில் 1.76 லட்சம் கோடி, நிலக்கரியில் 1.86 லட்சம் கோடி என்று பேசப்பட்ட தொகைகளை வரிசையாகச் சொல்லி, பேராசைக்கு அளவே இல்லாமல் போனதைக் காட்டுகிறார். உள்ளதில் திருப்தியும் மனிதநேயமும் வளர்ந்தால்தான் மாற்றம் வரும் என்கிறார். சிறை சென்று திரும்புகிறவர்களுக்கு மாலை போட்டு ஊர்வலம் நடத்தும் சமூகத்தைக் கடிந்துகொள்கிறார். அந்த வயதில் ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடம் இதைச் சொல்வது பெரிய தொண்டு.

ஆனால் அவருடைய வாழ்க்கை காட்டும் வழி வேறு. பெல்லாரியில் தாது கடத்தியவர்களை நிறுத்தியது யு.வி. சிங்கின் கணக்குப் புத்தகங்களும் கோகுலின் பறிமுதல் ஆணையும் லோகாயுக்தாவின் போலீசும்தான். திருப்தி உள்ள மனிதர்கள் அப்போதும் ஏராளமாக இருந்தார்கள். அவர்களால் ஒரு லாரியைக்கூட மறிக்க முடியவில்லை. ஆகவே கேட்க வேண்டியது சட்டத் திருத்தம். லோகாயுக்தாவின் கீழ் பணியாற்றும் போலீசுக்கும் புலனாய்வு அதிகாரிகளுக்கும் மாற்ற முடியாத பணிக்காலம் வேண்டும். லோகாயுக்தாவின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அவர்களை இடமாற்றவோ பணியிடை நீக்கம் செய்யவோ கூடாது. விசாரணைக்கு ஒத்துழைத்த பிற துறை அதிகாரிகளுக்கும் அதே பாதுகாப்பு நீள வேண்டும். வழக்கு நடத்தத் தனி அரசு வழக்கறிஞர்களை லோகாயுக்தாவே தேர்ந்தெடுக்க வேண்டும். பெங்களூருவிலும் சென்னையிலும் சட்டமன்றங்கள் ஒரே கூட்டத்தொடரில் நிறைவேற்றிவிடக்கூடிய திருத்தங்கள் இவை. அரசியல் சாசனத்தில் ஒரு வரியைக்கூட மாற்றத் தேவையில்லை. இதை எந்தக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் எழுதுகிறது என்பதை வாக்காளர்கள் அடுத்த முறை தேடிப் பார்க்க வேண்டும்.